பி.எஸ்.ஏ. 1917 என்று குத்தியிருக்கிறது. அப்படியானால் முழு ரைஃபிளும் பர்மிங்காமா?

டெக்சாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டது இது. ஒரு ஏலத்தில் மரப்பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். உள்ளே பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் பாகங்கள் கழற்றிப் போட்டபடி கிடக்கின்றன: பேரல் பொருத்திய ரிசீவர் (போல்ட் ஓடும் நடு உடல்), போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு), மேகசின், நோஸ் கேப் (முன்முனையில் வரும் இரும்பு மூடி), பின்கட்டை. ரிசீவரின் பட் சாக்கெட்டில் கிரீடம், ஜி.ஆர்., பி.எஸ்.ஏ. கோ., 1917 என்று வரிசையாக இருக்கிறது. பேரலில் இ.எஃப்.டி. என்றும் ’18 என்றும் இருக்கிறது. தள்ளி ஒரு இடத்தில் ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில். போல்ட்டில் ஒரு நம்பரைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு நம்பர் குத்தியிருக்கிறது. நோஸ் கேப்பில் மேலே அம்பு, அதற்குக் கீழே ஐ எழுத்து, நம்பரும் வேறு. “இது பர்மிங்காமில் செய்ததா, லண்டன் பக்கமா, இந்தியாவா? ஒரே துப்பாக்கிதானா?” என்பது அவர் கேள்வி. அவருக்கே பதில் சொல்கிறேன்.

ரிசீவர் பர்மிங்காம். பேரல் லண்டன் பக்கத்து என்ஃபீல்டு ஆலை. நோஸ் கேப் இந்திய அரசின் கையில் இருந்த வேறொரு ரைஃபிளிலிருந்து வந்தது. போல்ட் வேறு ரைஃபிளுக்காகச் செய்தது, ஆனால் முறைப்படி இந்த ரிசீவரோடு சேர்க்கப்பட்டது. எப்படி இந்த முடிவுக்கு வருகிறோம் என்பதைச் சொன்னால், அடுத்த பெட்டியை நீங்களே படித்துவிடுவீர்கள்.

பழைய ராணுவத் துப்பாக்கியில் முப்பது நாற்பது முத்திரைகள் இருப்பது சாதாரணம். புதிதாகச் சேகரிப்பில் இறங்குபவர்கள் எல்லாவற்றையும் ‘கம்பெனி மார்க்’ என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. யார் செய்தது என்று சொல்லும் குத்து ஒன்று. யார் பார்த்துச் சரி என்றார் என்பது வேறொன்று. வெடித்துப் பார்த்தாகிவிட்டதா, யாருடைய சொத்து, எப்போது பழுது பார்த்தார்கள், எப்போது ராணுவத்தை விட்டு வெளியே போனது என்பதற்கெல்லாம் தனித்தனிக் குத்துகள். எந்தக் கேள்விக்கான முத்திரை என்று தெரிந்துகொள்ளாமல் பதிலைத் தேடினால் ஒரே பெட்டியில் மூன்று நாடுகள் தெரியும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

முதலில் முத்திரைகளைச் சரியாகப் பார்க்க வேண்டும். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டையும் கையில் எடுக்கவே வேண்டாம். துருவோடு சேர்ந்து பாதி எழுத்தும் போய்விடும். இந்த வகைச் சாமான்களின் மதிப்பு பெரும்பாலும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது துரு இளக்கும் எண்ணெய் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அப்புறம் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். இன்னும் தெளியவில்லை என்றால், கல்வெட்டுக்குப் படி எடுப்பதுபோல மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் படுக்கையாகத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத பாதிக் கிரீடம் தாளில் வந்துவிடும்.

சரி, பட் சாக்கெட்டுக்கு வருவோம். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து சொருகும் இரும்பு வளையம்தான் அது. அதன் வலப்பக்கம் இருப்பதுதான் இந்த ரைஃபிளின் பிறப்புச் சான்றிதழ். மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். கிரீடத்துக்குக் கீழே அரசரின் பெயரெழுத்து: விக்டோரியா காலத்தில் வி.ஆர்., 1901 முதல் 1910 வரை ஏழாம் எட்வர்டுக்கு இ.ஆர்., அதன் பிறகு ஜார்ஜ்களுக்கு ஜி.ஆர். அதற்கடுத்து ஆலையின் பெயர், ஆண்டு, கடைசியில் மாடல். உங்களுடையதில் அடியில் ரோமன் எண்ணில் மூன்றும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருக்க வேண்டும். படத்தில் அழுக்கு மூடியிருக்கிறது. மார்க் 3 என்பது 1907-ல் வந்த மாடல். போர் நடுவில், 1916-ல், வேலையைக் குறைப்பதற்காக மேகசினை அடைக்கும் தகடு, தொலைதூரச் சரமாரிச் சுடுதலுக்கான பக்கக் குறிகாட்டி போன்றவற்றை நீக்கினார்கள். அதற்கு அடையாளம்தான் அந்த நட்சத்திரம். 1917-ல் பி.எஸ்.ஏ. செய்த ரிசீவர் என்றால் நட்சத்திரத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

ஆலைப் பெயர்கள் அதிகமில்லை. என்ஃபீல்டு என்று முழுதாக இருந்தால் லண்டனுக்கு வடக்கே இருந்த அரசு ஆலை. பி.எஸ்.ஏ. கோ. என்பது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், பின்னாளில் மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் வாங்கிய அதே கம்பெனி. எல்.எஸ்.ஏ. கோ. என்பது லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ். எஸ்.எஸ்.ஏ. என்றோ என்.ஆர்.எஃப். என்றோ இருந்தால் முதல் உலகப் போர்க் காலத்தில், பல சிறு பட்டறைகளிடமிருந்து பாகங்களை வாங்கி ரைஃபிள் தேற்றிய ஏற்பாட்டைச் சேர்ந்தது. எண்ணிக்கை குறைவு என்பதால் சேகரிப்பவர்கள் அதற்கு அலைவார்கள். ஆஸ்திரேலியாவில் லித்கோ, இந்தியாவில் இஷாப்பூர். ஸ்பார்க்புரூக் என்று பார்த்தால் அது பர்மிங்காமிலிருந்த இன்னொரு அரசு ஆலை, 1906-ல் பி.எஸ்.ஏ. அதை வாங்கிவிட்டது. அதற்கும் முந்திய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் பாகங்களில் பி.எஸ்.ஏ. அண்ட் எம். கோ. என்று ஒரு ‘எம்’ கூடுதலாக இருக்கும். அந்தக் கம்பெனி பெயரில் ‘மெட்டல்’ சேர்ந்தது 1873-ல். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது போய்விட்டது. ஆண்டு அழிந்துபோன பாகத்தில் இந்த ஒரு எழுத்தே காலத்தைச் சொல்லிவிடும்.

இப்போது பேரல். இ.எஃப்.டி. என்றால் என்ஃபீல்டு ஆலை, ’18 என்றால் 1918. ரிசீவர் 1917, பேரல் 1918 என்பதால் ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். இந்த ரைஃபிள் சுடும் .303 தோட்டாவின் கார்டைட் மருந்து சூடு அதிகம், குழலின் உட்புறத்தை அரிக்கும். அந்தக் காலத்துத் தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் விட்டுச்செல்லும் உப்பு, துடைக்காவிட்டால் துருவாகும். பேரலை மாற்றுவது ராணுவப் பட்டறையில் தினசரி வேலை. எந்த ஆலையின் பேரல் கைக்கு வந்ததோ அதைப் போட்டார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: பேரலில் குத்தியிருக்கும் சீரியல் நம்பர் ரிசீவரின் நம்பரோடு ஒத்துப்போகிறதா? உங்கள் படத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆக, ராணுவம் மாற்றிய பேரல் இது. பின்னாளில் யாரோ ஒரு வியாபாரி திருகிப் போட்டதல்ல.

அதே பேரலில் எச்.வி., எஸ்.சி. என்று எழுத்துகள் இருப்பதையும் கேட்டிருந்தீர்கள். இவை ஆலையும் இல்லை, ஆளும் இல்லை. 1910-ல் வந்த வேகமான மார்க் 7 தோட்டாவுக்கு ஏற்றது என்பதற்கு எச்.வி.; தோட்டா அறைக்கு முன்னால் உள்ள கூம்பு வகையைக் குறிப்பது எஸ்.சி. இதை ‘ஹைதராபாத் வாலண்டியர்ஸ்’ என்று விரித்து விற்றவர்களும் உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது!

குட்டிக் கிரீடம், கீழே ஓர் எண், அதன் கீழே ஓர் எழுத்து என்று போல்ட், ரிசீவர், ஸ்க்ரூ தலை வரைக்கும் சிதறிக் கிடப்பவை ஆய்வாளர் முத்திரைகள். எண் ஆய்வாளருக்கு, எழுத்து அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு. இ என்றால் என்ஃபீல்டு. அந்தப் பாகம் அளவுக்கோலுக்குள் நின்றது என்பதற்கு மேல் இது எதுவும் சொல்லாது. 34-ஆம் எண் ஆய்வாளர் யார் என்று தேடிப் போகும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் சீரியல் நம்பரைப் பார்ப்பது பலன் தரும்.

புரூஃப் முத்திரை வேறு விஷயம், முக்கியமானதும்கூட. வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவை அந்தத் துப்பாக்கியிலேயே வெடித்து, பேரல் வீங்கவில்லை, போல்ட்டின் பிடிப்பல் உடையவில்லை என்று பார்த்த பிறகு குத்துவது. பிரிட்டிஷ் ராணுவ முத்திரையில் கிரீடமும் அரசர் பெயரெழுத்தும் குறுக்கே சாய்ந்த இரண்டு கொடிகளும், புரூஃப் என்பதன் முதலெழுத்தும் இருக்கும். பேரல், ரிசீவர், போல்ட் மூன்றிலும் இதைத் தேட வேண்டும், ஏனென்றால் அழுத்தத்தைத் தாங்குபவை இந்த மூன்றுதான். ஒரு போல்ட்டில் இந்த முத்திரை இருப்பதாலேயே அது உங்கள் ரிசீவருக்குப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. அது எந்த ரிசீவரோடு சேர்த்து வெடிக்கப்பட்டதோ அதற்குத்தான் அந்தச் சோதனை செல்லும்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் முத்திரைகள் இருக்கும்: கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி. (பர்மிங்காம் நைட்ரோ புரூஃப்), ‘நைட்ரோ புரூவ்டு’, .303, 2.222, சதுர அங்குலத்துக்கு 18.5 டன் என்றெல்லாம். இவை ராணுவத்தினுடையவை அல்ல. ராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கியைச் சந்தையில் விற்பதற்கு முன் இங்கிலாந்தில் பொது புரூஃப் ஹவுஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். பர்மிங்காமில் ஒன்று, 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. லண்டனில் அதைவிடப் பழையது, துப்பாக்கி செய்வோர் சங்கத்தினுடையது, அவர்களுக்கு 1637-லேயே அரச சாசனம் கிடைத்தது. 2.222 என்பது தோட்டா உறையின் நீளம் அங்குலத்தில். டன் கணக்கு அந்தத் தோட்டாவுக்கான அழுத்தம். பிரிட்டிஷ் முறையில் அளந்தது என்பதால் அமெரிக்க பவுண்டு கணக்கோடு நேராக ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

‘இங்கிலாந்து’ என்ற எழுத்து பலரைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் அது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று இருக்க வேண்டும் என்பதற்காக ஏற்றுமதி நேரத்தில் குத்தியது அது. கனடாவில் செய்த லாங் பிராஞ்ச் ரைஃபிளிலும் ‘இங்கிலாந்து’ இருக்கும், அமெரிக்காவிலேயே செய்த சாவேஜ் ரைஃபிளிலும் இருக்கும். செய்த இடம் அது இல்லை, கப்பல் ஏறிய இடம். உங்கள் பேரலும் ரிசீவரும் ஒருநாள் இங்கிலாந்து வழியாகத்தான் அமெரிக்கா வந்தன என்பதுவரை அதை நம்பலாம்.

அடுத்து சொத்து முத்திரைகள். மூன்று கோடு சேரும் அந்த அகன்ற அம்பு பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதன் அடையாளம். அதோடு சேரும் எழுத்து நாட்டைச் சொல்லும். சி எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. யு எழுத்துக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா. இருபுறமும் டி (D) என்றால் ஆஸ்திரேலியா. என், இசட் நடுவே என்றால் நியூசிலாந்து. அம்புக்குக் கீழே ஐ என்றால் இந்தியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால் ராணுவச் சேவையிலிருந்து விற்று வெளியேற்றியது. உங்கள் நோஸ் கேப்பில் ஐ இருக்கிறது. ரிசீவரிலும் பேரலிலும் இல்லை. நம்பரும் வேறு. எனவே இந்தியாவுக்குப் போனது நோஸ் கேப் மட்டும்தான். அது தொடக்கத்தில் இருந்த ரைஃபிள் இப்போது எங்கே என்பது வேறு கதை.

இந்தியப் பக்கம் பேச்சு வந்ததால் இஷாப்பூரைப் பற்றிக் கொஞ்சம். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில், பழைய வெடிமருந்து ஆலை இருந்த ஊரிலேயே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ரைஃபிள் ஆலை. அங்கே செய்தவற்றில் பெயரெழுத்து ஜி.ஆர்.ஐ. என்று இருக்கும், கடைசி எழுத்து பேரரசர் என்பதற்கு. இங்கிலாந்து ரைஃபிள்களில் வெறும் ஜி.ஆர்.தான். குடியரசான பிறகு கிரீடம் போய், அசோகச் சிங்கத் தலை வந்தது, பெயரும் ஆர்.எஃப்.ஐ. என்று சுருங்கியது. 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் தோற்றத்தில் பழைய .303 போலவே இருக்கும்; பட் சாக்கெட்டைப் படிக்காமல் .303 தோட்டாவைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், தோட்டாவே வேறு. இன்னொரு இஷாப்பூர் வகை .410: பழைய .303-களைப் போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் என்று ரைஃபிளிங் இல்லாத ஒற்றைத் தோட்டா மஸ்கெட்டாக மாற்றினார்கள். நம் ஊர்க் காவல் நிலைய வாசலில் ‘த்ரீ நாட் த்ரீ’ பார்த்தவர்களுக்கும், என்.சி.சி.யில் அதைத் தோளில் சுமந்து தோல் உரிந்தவர்களுக்கும் இன்னொரு முத்திரை நினைவிருக்கும்: டி.பி. அதாவது பயிற்சிக்கு மட்டும். அந்த எழுத்து இருக்கும் எந்தப் பாகத்தையும், பார்க்கப் புத்தம்புதிதாக இருந்தாலும், சுடும் துப்பாக்கியில் போடக் கூடாது.

சீரியல் நம்பர்தான் இந்தப் பெட்டியின் முடிச்சை அவிழ்க்கிறது. இந்த மாடலில் அது ரிசீவர் வளையத்திலும், பேரலிலும், போல்ட் கைப்பிடியின் பின்பக்கமும், நோஸ் கேப்பிலும், பின் குறிகாட்டி இலையின் அடியிலும், முன்கட்டையிலும் இருக்கும். போல்ட்டில் ஏன் என்றால், அதன் பிடிப்பற்கள் ரிசீவரோடு கையால் உரசிப் பொருத்தப்பட்டவை. நம்பர் ஒத்துப்போகாத போல்ட் சில சமயம் சுகமாக ஏறி உட்காரும். ஆனால் தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி கெட்டுப் போயிருக்கும். ராணுவப் பட்டறையில் மாற்றுப் போல்ட் போட்டால் இந்த இடைவெளியை அளந்து, பழைய நம்பரை ஒரு கோடு இழுத்து அடித்து, புது நம்பரைக் குத்துவார்கள். உங்கள் போல்ட்டில் அடித்த கோடு நேராக இருக்கிறது, புது நம்பர் ரிசீவரின் நம்பர்தான், எழுத்தின் அச்சும் பேரலில் உள்ள நம்பரோடு ஒத்துப்போகிறது. பேரலையும் போல்ட்டையும் ஒரே பட்டறையில் மாற்றியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ‘எல்லா நம்பரும் ஒரிஜினல்’ ரைஃபிளுக்குத்தான் சந்தையில் விலை என்பது தெரிந்ததுதான். எனக்கென்னவோ இப்படிப் பட்டறை பார்த்துத் திரும்பிப் போன ரைஃபிள்தான் பிடிக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு வந்தால் விளையாட்டு மாறுகிறது. குண்டு வீச வரும் எதிரிக்கு ஆலை எங்கே என்று தெரியக் கூடாது என்று பிரிட்டன் கம்பெனிப் பெயர்களை எடுத்துவிட்டு, வடக்கு, தெற்கு, மிட்லண்ட்ஸ் என்பதன் முதலெழுத்தோடு ஓர் எண்ணைக் கொடுத்தது. எம்47 என்றால் பி.எஸ்.ஏ. என்67 என்றால் தையல் மிஷின் செய்த சிங்கர் கம்பெனியின் கிளைடுபேங்க் ஆலை. அது லீ-என்ஃபீல்டின் இரண்டாம் உலகப் போர் மாடலான நம்பர் 4 ரைஃபிளின் ஆணி போன்ற பயோனெட்டில் கிடைக்கும். எஸ்51 என்றால் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட். ஸ்னைப்பருக்கான டெலஸ்கோப்பை நம்பர் 4-ல் பொருத்தியது அவர்கள், பின்கட்டையின் அடியில் அந்தக் குத்து இருக்கும். சீரியல் நம்பர் நடுவில் எல் எழுத்து வந்தால் கனடாவின் லாங் பிராஞ்ச், சி எழுத்து வந்தால் சாவேஜ். சாவேஜின் ஆலை மாசசூசெட்ஸின் சிக்கோப்பி ஃபால்ஸில் இருந்ததால் சி. எஃப்.டி.ஆர். (FTR) என்று ஆண்டோடு இருந்தால் ஆலைக்கே திருப்பி அனுப்பி முழுதாகப் பழுது பார்த்தது என்று பொருள். ஜெர்மன்காரர்களும் இதே வேலையைச் செய்தார்கள், இன்னும் கறாராக: மவுசர் 98கே-யில் எஸ்/42 என்றும் பின்னாளில் பி.ஒய்.எஃப். என்றும் இருப்பது ஓபெர்ன்டார்ஃப் மவுசர் ஆலை, பி.என்.இசட். என்பது ஆஸ்திரியாவின் ஸ்டெயர். அங்கே கழுகுக்குக் கீழே வரும் எண் ஆய்வுக் குழுவினுடையது. 623 என்றால் ஸ்டெயரில் இருந்த குழு. பிரிட்டிஷ் பாகத்தின் எண்ணை ஜெர்மன் பட்டியலில் தேடுவது இணையத்தில் அடிக்கடி நடக்கிறது. எம்47-ஐ மவுசர் மாடல் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில், கைக்கருவியை வைத்தே லீ-என்ஃபீல்டைச் செய்துவிடும் கொல்லர்கள் இருந்தார்கள். வேலைப்பாடு சில சமயம் வியக்க வைக்கும். மாட்டிவிடுவது முத்திரைதான். ஆங்கிலம் தெரியாமல் வடிவத்தைப் பார்த்துக் குத்தியதால் ‘என்’ (N) எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும், எழுத்துக்கூட்டல் தவறும், வி.ஆர். என்று விக்டோரியா பெயரைப் போட்டு அடியில் 1919 என்று ஆண்டு வரும். அவர் 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். இந்த வகைத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது. இரும்பின் தரத்துக்கு யாரும் உத்தரவாதம் இல்லை. மேலை நாட்டுப் போலிகள் வேறு மாதிரி: சாதாரண நம்பர் 4-ல் ஸ்னைப்பருக்கான டி (T) எழுத்தைப் புதிதாகக் குத்தி மூன்று மடங்கு விலை சொல்வது. பழைய குத்தில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, கருப்புப் பூச்சு பள்ளத்துக்குள்ளும் ஒரே சீராக இறங்கியிருக்கும். புதுக் குத்தில் ஓரத்தில் உலோகம் மேடாகப் பிதுங்கி, லென்ஸில் பார்த்தால் பள்ளத்தில் வெறும் இரும்பு மின்னும்.

உங்கள் பெட்டியில் இன்னும் பார்க்காதது பின்கட்டையின் வலப்பக்கம். அங்கே பித்தளை வட்டு ஒன்று இருந்தால் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். படைப்பிரிவின் சுருக்கமும் ரைஃபிளின் வரிசை எண்ணும் அதில்தான் இருக்கும். வட்டு இல்லாமல் ஓட்டை மட்டும் இருந்தால் புதிதாக ஒன்றை வாங்கிப் போடாதீர்கள், போலி வட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்ததுதான் ஆன்டிக். 1917 ரிசீவர் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியேதான், மற்ற பாகங்கள் உதிரி. இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள் கவனிக்க: 1959 ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது. தாத்தா பெட்டியில் ஒரு போல்ட் கிடைத்தால் படம் போட்டு விலை கேட்பதற்கு முன்னால் வக்கீல் ஒருவரைக் கேளுங்கள்.

சுடும் எண்ணம் இருந்தால், நம்பர் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் நம்பாமல், துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து .303-க்கான கேஜ் வைத்து அந்த இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். நோஸ் கேப்பை அப்படியே போட்டுக்கொள்ளலாம்.